நற்கனி இல்லத்தின் அழிப்புப் பதிவேடு

ஜாய்சன் லேட்டாக வந்துவிட்டான் என்பதை நாற்பத்தோரு பக்கத்தில் டைப் அடித்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, அவன் வேலை பார்க்கும் ஆபீஸுக்கே கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

கிழக்குத் தாம்பரத்தில் உள்ள அந்த இன்சூரன்ஸ் ஆபீஸில் பத்து மணிக்கு மேல் வந்தால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு விழும். மூன்று கோடு சேர்ந்தால் அரை நாள் லீவு போய்விடும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஜாய்சன் பெயருக்கு நேரே ஒரு கோடுகூடக் கிடையாது. அப்பேர்ப்பட்டவனைத்தான் அந்த மனு, முதல் பக்கம் முதல் பத்தியிலேயே, “அளவுகடந்த, நியாயப்படுத்த முடியாத, உள்நோக்கம் கொண்ட காலதாமதம்” செய்தவன் என்று சொன்னது. அவன் அதை டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தான். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மனு போட்டவர் பெயர் தனசிங். வயது எழுபத்தெட்டு. நற்கனி மாணவர் இல்லம் என்ற விடுதியில் இருபத்தாறு வருஷம் காப்பாளராக இருந்தவர். பிறகு அந்த விடுதியை நடத்தும் நற்கனி கல்விச் சங்கத்துக்குத் துணைத் தலைவர் ஆனார், இப்போது ஆயுட்கால ஆலோசகர். தொண்ணூறாம் வருஷம், ஏழாம் வகுப்புப் பையனாக அந்த விடுதியில் சேர்ந்த ஜாய்சனைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டனுப்பி அவர் செய்ததைத்தான், இருபத்தொன்பது வருஷம் கழித்து ஜாய்சன் போலீஸில் எழுதிக் கொடுத்தான். அதை இங்கே விரிக்கப்போவதில்லை. அவன் அதை இன்ஸ்பெக்டரிடம் ஒரு தடவை, மாஜிஸ்திரேட்டிடம் ஒரு தடவை, மனைவியிடம் பாதி தடவை சொல்லியாகிவிட்டது. இன்னும் கேட்கவேண்டிய ஒரே ஆள் வழக்கை விசாரிக்கும் நீதிபதி. அவர் கேட்டுவிடக் கூடாது, விசாரணையை அப்படியே நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் நாற்பத்தோரு பக்கத்தின் சாரம்.

காரணங்கள் பலமாகத்தான் இருந்தன. விடுதிச் சமையற்காரர் இறந்துவிட்டார். மேட்ரன் இறந்துவிட்டார். சாமான் அறையையே இடித்துவிட்டார்கள். மனுதாரருக்கு நினைவு தடுமாறுகிறது. அந்தக் காலத்து ஆவணம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அப்படி ஒன்று நடந்திருந்தால் புகார்தாரர் அப்போதே ஒருவரிடமாவது வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டாரா என்று முப்பத்தேழாம் பக்கம் கேட்டது.

“சொன்னேனே மேடம்” என்றான் ஜாய்சன். பீர்க்கன்கரணையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது வக்கீல் ஜெயக்கொடியின் அறை. “சங்கத்துச் செயலாளருக்கு லெட்டரே எழுதினேன். ரஃப் நோட்டுல கிழிச்சு நாலு ஷீட்டு. மூணு நாள் பிரேயர்ல முட்டி போட வெச்சாங்க. கெட்ட நினைப்பு போறதுக்கு ஜெபம் பண்ணுன்னு சொன்னாங்க.”

“அதோட காப்பி வெச்சிருக்கீங்களா சார்?”

“பன்னெண்டு வயசு மேடம். கார்பன் வெச்சு எழுதணும்னு தோணல.”

ஜெயக்கொடி பேனாவை மூடிவிட்டார். அந்த நாலு ஷீட்டு இருந்தால் இந்த மனு ஒரு நாள் தாங்காது, அது இல்லாததால்தான் இவ்வளவு தைரியமாகக் கேட்கிறார்கள் என்று அவர் சொன்னார். அவன் சொன்னான் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் வேண்டும். வழக்கே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷம் கழித்துப் புகார் கொடுக்க ஜாய்சனுக்கு என்ன வந்தது என்று நீங்களும் கேட்கலாம், ஊரே கேட்டது. தனசிங்குக்குச் சேவைச் செம்மல் பட்டம் கொடுக்கிற விழாவுக்கு அவனை வரவேற்புரை ஆற்ற அழைத்திருந்தார்கள். அவன் அழைப்பிதழை எடுத்துக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குப் போனான். அங்கே ஜி.எஸ்.டி. ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் தீனா அவனோடு விடுதியில் படித்தவன். தீனா அழைப்பிதழைப் பார்த்தான், கையைத் துடைத்தான், கடையைச் சாத்தினான். “வா மச்சான், ஸ்டேஷனுக்குப் போலாம்” என்றான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் நடத்தினார். “சம்பவம் நடந்த தேதியில இந்த ஸ்டேஷனே கிடையாது சார். அப்ப இந்த ஏரியா வேற லிமிட். அந்த ஸ்டேஷனும் இப்ப ரெண்டா பிரிஞ்சு போச்சு. நீங்க அப்பவே வந்திருந்தீங்கன்னா இந்தக் குழப்பமே இல்ல” என்று வருத்தப்பட்டார். எந்த ஸ்டேஷன் என்று முடிவாக நாலு மாதம் ஆயிற்று. பிறகு சம்பவ இடத்தைக் காட்டச் சொன்னார்கள். சாமான் அறை இருந்த இடத்தில் இப்போது ஏசி போட்ட தனசிங் தியான அரங்கம் இருந்தது. போலீஸ் வரைபடத்தில் அப்படியே குறித்துக்கொண்டார்கள்.

குற்றப்பத்திரிகை தாக்கலாகி, விசாரணைக்கு நாளும் குறித்தபிறகுதான் தனசிங் மேல் கோர்ட்டுக்குப் போனார். மனு போட்ட வாரமே இடைக்காலத் தடை கிடைத்துவிட்டது. அதற்குப்பின் அவர் தரப்புக்கு அவசரமே இல்லை. முதல் வாய்தாவில் அவருடைய சீனியர் வக்கீல் வேறு கோர்ட்டில் இருந்தார். இரண்டாவது வாய்தாவில் ஜூனியருக்குக் காய்ச்சல். மூன்றாவது வாய்தாவில், எழுந்து நடக்கவும் முடியாதவர் என்று மனுவில் சொல்லப்பட்ட தனசிங், எருசலேம் யாத்திரை போயிருந்தார். ஜாய்சன் ஒவ்வொரு தடவையும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, தாம்பரத்தில் ரயிலேறிப் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தேதியைக் கேட்டுக்கொண்டு திரும்பினான். பதினேழாவது தடவை ஒரு புது மனு வந்தது. காலதாமதம் பற்றிய கூடுதல் பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்வதில் தங்களுக்கு ஏற்பட்ட நூற்று நாற்பது நாள் காலதாமதத்தை மன்னிக்கவேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். கோர்ட் இரண்டு நிமிஷத்தில் மன்னித்தது.

“நம்மளும் இப்படி ஒண்ணு போட்டுடலாமா மேடம்? என் காலதாமதத்த மன்னிக்கச் சொல்லி?” என்று ஜாய்சன் கேட்டான். அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

“உங்களுக்கு அது பொருந்தாது சார். மன்னிப்பெல்லாம் மனுவுக்குத்தான். மனுஷனுக்கு இல்ல.”

கூடுதல் பிரமாணப் பத்திரத்தில் ஒரு புதுக் காரணமும் சேர்ந்திருந்தது. வழக்கு ஆறு வருஷமாக முடியாமல் இழுத்துக்கொண்டே போவது ஒரு முதியவருக்கு இழைக்கப்படும் சித்திரவதை என்றும், அதற்காகவே வழக்கை ரத்து செய்யவேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். இதை ஜாய்சன் போனில் படித்துக் காட்டியபோது தீனா கடையில் வேலையாக இருந்தான். ஒரு லாரி டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

“அவுங்களே இஸ்துகினு போவாங்களாம். அப்பால இஸ்துகினு கீதுன்னு அவுங்களே அழுவாங்களாம். இன்னாடா பேஜாரா கீது” என்றான்.

இதற்கு நடுவில் சங்கமும் சும்மா இருக்கவில்லை. உண்மை அறியும் குழு ஒன்றை அமைத்து, ஜாய்சனுக்கு ரிஜிஸ்தர் தபாலில் அழைப்பு அனுப்பியது. தியான அரங்கத்தில் கூட்டம் நடந்தது. ஜாய்சன் வாசலில் நின்று காலணியைக் கழற்ற ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டான். உள்ளே ஆரம்ப ஜெபம், ஒரு பாட்டு, டீ, வெங்காய சமோசா. ஆலோசகர் என்ற முறையில் தனசிங்குக்கும் அழைப்பு போயிருந்தது. அவர் நாகரிகம் கருதி வரவில்லை, ஆனால் அவருடைய நாற்காலியை யாரும் எடுக்கவுமில்லை. செயலாளர் காலேப் எழுந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“நூத்திப் பத்து வருஷமா இந்தச் சங்கத்து மேல ஒரு புகார்கூட நிரூபணம் ஆனதில்ல. ஏன்னா, நாங்க எந்தப் புகாரையும் வெளில விட்டதில்ல. அது யாருக்காக? பசங்களுக்காக. நாளைக்கு அந்தப் பசங்க பேரு கெட்டுடக் கூடாதில்ல? எங்களப் பத்தி, மறைக்கறாங்க மறைக்கறாங்கன்னு பேசறாங்க. எனக்கு மனசு எவ்ளோ கஷ்டமா இருக்கு தெரியுமா தம்பி? எங்ககிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணுமே கிடையாது. இருந்ததெல்லாம் முறைப்படி எரிச்சாச்சு.”

குழுவினர் மெதுவாகக் கைதட்டினார்கள். பிறகு சங்கத்து கிளார்க் சவுரிமுத்து ஒரு படிவத்தை நீட்டினார். முப்பத்தெட்டு வருஷமாக அந்த ஆபீஸைக் கட்டிக் காக்கிறவர் அவர். குண்டூசிக்கும் வவுச்சர் கேட்கிற மனிதர், எதையும் ஒழுங்காகச் செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. புகார்ப் படிவத்தில் ஏழு கட்டங்கள் இருந்தன. ஆறாவது கட்டத்தில் ‘விடுதிக் காப்பாளரின் பரிந்துரையும் கையொப்பமும்’ என்று அச்சடித்திருந்தது.

“இதுல யாரு கையெழுத்து போடணும்ணா?” என்று ஜாய்சன் கேட்டான்.

“சம்பவ தேதியில யாரு காப்பாளரோ, அவரு.”

“அது தனசிங் சார்.”

“அவருகிட்டயே வாங்கிடுங்க. ரிட்டயர் ஆனவங்க கையெழுத்து செல்லும்னு ரூல் இருக்கு. அந்தக் கட்டம் காலியா இருந்தா என்னால இன்வேர்டு ரிஜிஸ்தர்ல ஏத்த முடியாது தம்பி” என்றார் சவுரிமுத்து, உண்மையான அக்கறையோடு.

கட்டம் காலியாகவே இருந்ததால் புகார் ஏறவில்லை. உண்மையை அறிய இயலவில்லை என்ற உண்மையை அறிந்துகொண்டதாகக் குழு அறிக்கை கொடுத்தது. தனசிங்கின் வக்கீல் அதையும் மனுவோடு சேர்த்துவிட்டார்.

ஆக, ஒருவழியாக வாதம் தொடங்கிய அன்றைக்கு ஜாய்சனுக்கு நம்பிக்கை வற்றிப்போயிருந்தது. ஆவணமே இல்லாத நிலையில் இந்த முதியவர் தன்னை எப்படி நிரபராதி என்று காட்டுவார் என்று சீனியர் வக்கீல் உருக்கமாகக் கேட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு சின்னக் கேள்வி கேட்டார். எந்த ஆவணம், எப்போது, யார் அழித்தது? வழக்கு வரும் என்று பயந்து அழிக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?

இந்தக் கேள்வி தனசிங்கைவிட காலேப்பைத்தான் அதிகமாகப் புண்படுத்தியது. சங்கத்தின் மீது வேறு எந்தப் பழியைச் சொன்னாலும் அவர் தாங்கிக்கொள்வார். முறைகேடாக எரித்தார்கள் என்று சொன்னால் தாங்கமாட்டார். அன்று சாயங்காலமே சவுரிமுத்துவைக் கூப்பிட்டு, “நம்ம சங்கத்துல ஒரு துண்டுச் சீட்டுகூட முறையில்லாம எரிஞ்சதில்லன்னு கோர்ட்டுக்குக் காட்டுங்க” என்று உத்தரவு போட்டார். வாழ்நாளெல்லாம் இப்படி ஒரு உத்தரவுக்காகக் காத்திருந்ததுபோல சவுரிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. ஆவண அழிப்புப் பதிவேட்டை முழுக்க ஜெராக்ஸ் எடுத்தார். முந்நூற்றுப் பதினெட்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ‘உண்மை நகல்’ என்று காலேப் கையெழுத்துப் போட்டார், கை வலித்ததால் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். தனசிங்கின் வக்கீல் கடைசிப் பக்கத்தில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது, தாக்கல் செய்துவிட்டார். யாரும் படிக்கவில்லை.

படித்தது ஜாய்சன்தான். ஆபீஸில் அவனுக்குக் கிளெய்ம் செக்‌ஷன், இணைப்புகளை வரி விடாமல் படிப்பது அவன் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெயக்கொடியின் அறைக்குப் போய் உட்கார்ந்தான். தீனாவும் வந்திருந்தான். தொண்ணூற்று மூன்றில் ஒரு ஆடிட்டர் சங்கத்தைக் கண்டித்திருக்கிறார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்தது. ‘பழைய கடிதங்கள், ஒரு கட்டு’ என்று மொட்டையாக எழுதிவிட்டு எரிப்பது தவறு, எரிக்கும் ஒவ்வொரு காகிதத்தின் பொருளையும் சுருக்கி எழுதிவிட்டுத்தான் எரிக்கவேண்டும் என்று அவர் ஆட்சேபம் எழுதியிருந்தார். சவுரிமுத்து அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். அழகான குண்டு எழுத்து, தலைப்புவாரியாகப் பக்கங்கள்.

‘உணவு குறித்த கடிதங்கள்’ என்பது முப்பது பக்கம் ஓடியது. சாம்பாரில் உப்பு இல்லை. நடவடிக்கை: உப்பு சேர்க்கப்பட்டது. இட்லி கல்லாக இருக்கிறது. நடவடிக்கை: உளுந்து கூட்டப்பட்டது. அடுத்து ‘கொசு குறித்த கடிதங்கள்’, நடவடிக்கை: புகை போடப்பட்டது. பையன்கள் என்ன கேட்டாலும் சங்கம் செய்துகொடுத்திருப்பதைப் பார்த்து ஜாய்சனுக்கே ஆச்சரியமாக இருந்தது. நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் தலைப்பு மாறியது. ‘காப்பாளர் குறித்த கடிதங்கள்.’

அந்தப் பக்கத்தில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. ஒன்பதாவது வரியில் அவன் பெயர். ‘த. ஜாய்சன், ஏழாம் வகுப்பு, 9.8.1990 தேதியிட்ட கடிதம், நான்கு தாள்கள். விவரம்: மேற்படி. நடவடிக்கை: மேற்படி.’

நாலு ஷீட்டு. பேனா மை கசிந்து, வார்த்தை கிடைக்காமல் அடித்து அடித்து எழுதிய நாலு ஷீட்டு. அதற்கு மேற்படி என்று போட்டிருந்தார்கள். அவன் மேலே பார்த்தான். எட்டாவது வரி, மேற்படி. ஏழாவது, மேற்படி. விரலை வைத்துக்கொண்டே ஏறிப்போய் முதல் வரியில் நின்றான். ‘பெ. கதிரேசன், ஆறாம் வகுப்பு, 2.7.1984. விவரம்: காப்பாளர் தனசிங் தன்னையும் வேறு சிறுவர்களையும் சாமான் அறைக்கு அழைத்துத் தகாத முறையில் நடந்துகொள்வதாக. நடவடிக்கை: மாணவருக்கு அறிவுரை கூறி ஜெபிக்கப்பட்டது.’ பக்கத்தின் அடியில் ‘எரிக்கப்பட்டது’ என்று முத்திரை. எரித்ததற்குச் சாட்சியாக ஒரு கையெழுத்து. சாட்சி: தனசிங்.

எண்பத்து நாலில் ஜாய்சனுக்கு ஆறு வயது. குன்றத்தூரில் அம்மா அப்பாவோடு இருந்தான், ஒன்றாம் வகுப்பு. நற்கனி இல்லம் என்ற பெயரே அவன் காதில் விழுந்திருக்காது. இத்தனை லேட்டாக வந்த புகார் என்கிறார்களே, அவன் அந்த வாசலை மிதிப்பதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே அந்தப் புகார் வந்து மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறது. உப்புக்கு எழுந்தவர்கள் அதற்கும் எழுந்திருந்தால் அவன் பெயர் இந்தப் பக்கத்தில் வந்திருக்காது. அவன் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

ஜெயக்கொடி பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பத்தாவது வரியைப் படித்துவிட்டுத் தீனாவைப் பார்த்தார். ‘கோ. தீனா, ஏழாம் வகுப்பு, ஒரு தாள், மேற்படி.’

“நீயும் எழுதுனியாடா?” என்று ஜாய்சன் கேட்டான். “என்கிட்ட சொல்லவே இல்லயே.”

“எழுதிக் குட்த்தேன். ஒண்ணியும் ஆவல. அப்பால சொல்லி இன்னா ஆவப்போது மச்சான்” என்றான் தீனா. ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே தெரிந்த ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த வாய்தாவில் ஜெயக்கொடி நூற்று எண்பத்தேழாம் பக்கத்தை மட்டும் படித்தார். சீனியர் வக்கீல் எழுந்து, அந்தப் பக்கத்துக்குப் பதில் சொல்லத் தங்களுக்கு அவகாசம் வேண்டும் என்றார். இது உங்கள் தரப்பு தாக்கல் செய்த ஆவணம்தானே என்று நீதிபதி கேட்டார். ஆமாம், அதனால்தான் படித்துப் பார்க்க நேரம் வேண்டும் என்றார் வக்கீல். இரண்டு வாரம் கொடுக்கப்பட்டது. ஜாய்சன் கடைசி பெஞ்சில் தேதியை எழுதிக்கொண்டான். இரண்டு வாரம் ஐந்து மாதமாகி, கடைசியில் மனு தள்ளுபடியானது. விசாரணை நடக்கட்டும், ஆறு மாதத்தில் முடியட்டும் என்று உத்தரவு.

சங்கம் உடனடியாக விழித்துக்கொண்டு நடவடிக்கை எடுத்தது. தனசிங் மீது அல்ல. அழிப்புப் பதிவேட்டையும் கடைசிப் பதிவிலிருந்து பத்து வருஷம் கழித்து அழித்துவிடவேண்டும் என்று விதி இருக்கிறதாம். கடைசிப் பதிவு இரண்டாயிரத்து ஆறில். ஒன்பது வருஷம் தாமதமாகியும் அதை எரிக்காமல் வைத்திருந்தது ஏன் என்று ஏழு நாளில் விளக்கம் கேட்டு, சவுரிமுத்துவுக்கு மெமோ கொடுத்தார்கள்.

விசாரணைக் கோர்ட்டின் தாழ்வாரத்தில் அவர் அந்த மெமோவை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாட்சியாக வரச்சொல்லியிருந்தார்கள். ஜாய்சனைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“முப்பத்தெட்டு வருஷம் தம்பி. ஒரு மெமோ வாங்கினதில்ல. லேட்டு பண்ணிட்டேன்னு எழுதறாங்க. என்னப் பார்த்து.” அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “உங்களுக்கு நல்லது நடந்துச்சுல்ல, அது போதும். நான் ஒழுங்கா எழுதி வெச்சதாலதான.”

உண்மைதான். நன்றி சொல்லவேண்டும் என்றுதான் ஜாய்சன் வாயைத் திறந்தான். வேறு கேள்வி வந்துவிட்டது.

“அண்ணா, எரிக்கறதுக்கு முன்னாடி அந்த லெட்டரெல்லாம் படிச்சீங்களா?”

“படிக்காம எப்படித் தம்பி சுருக்கம் எழுதறது? பன்னெண்டையும் படிச்சேன். உங்களது நாலு ஷீட்டு. எழுத்து நல்லா இருந்துச்சு.”

“படிச்சிட்டு?”

சவுரிமுத்து கொஞ்சம் யோசித்தார். மறைக்கிற மனிதர் இல்லை அவர்.

“சீரியல் நம்பர் போட்டேன்” என்றார்.

ஜாய்சனுக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. கையெழுத்துக்காக நீட்டிய அந்தப் படிவம், சமோசா, தியான அரங்கத்து ஏசிக் காற்று எல்லாம் நினைவுக்கு வந்தன. அவன் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே, பதிவேட்டின் முதல் வரியில் இருந்த கதிரேசன் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். அம்பத்திரண்டு வயது ஆள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். ஊர் திரும்பவேண்டும் என்பதால் அவரை முதலில் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் குழாயடிக்குப் போனார்.

பிறகு டவாலி மூன்று தடவை ஜாய்சனின் பெயரைக் கூப்பிட்டார். அவன் கூண்டில் ஏறினான். எதிரே தனசிங், வெள்ளைச் சட்டை, கையில் தடி. சத்தியப் பிரமாணம் முடிந்தது. நீதிபதி எதையோ புரட்டிக்கொண்டிருந்தார். சாட்சியம் டைப் அடிக்கும் அம்மாள் மதியத்திலிருந்து அடித்து அடித்துக் களைத்திருந்தார். பேப்பரை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

“சார், இப்ப அவரு சொன்னதேதான நீங்களும் சொல்லப்போறீங்க? அதுவரைக்கும் மேற்படின்னு போட்டுக்கட்டுமா?”

ஜாய்சன் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டான்.

“வேணாம்மா. முழுசா அடிங்க” என்றான். “நான் மெதுவாவே சொல்றேன்.”